சக்கைப் போடு போடுமா எரிசக்திக் கரும்பு?

பொங்கலுக்கு வாங்கி வந்த கரும்பு நார் ஏறியிருந்தால், முதல் கடியிலேயே விற்றவருக்கு அர்ச்சனை விழும். சர்க்கரை ஆலைக்கும் இதே மனத்தாங்கல்தான். நார் கூடினால் சாறு குறையும், சர்க்கரைக் கட்டுமானம் (கரும்பின் எடையில் கிடைக்கும் சர்க்கரையின் சதவீதம்) இறங்கும், அரவைக்கு மின்சாரம் கூடுதலாகச் செலவாகும். அதனால் கரும்பு ஆராய்ச்சி நூறு வருடத்துக்கு மேலாக ஒரே பாதையில்தான் போனது: நாரைக் குறை, சர்க்கரையை ஏற்று.

அந்தப் பாதையைப் போட்டதில் முன்னோடி கோயம்புத்தூர் கரும்பு இனப்பெருக்க நிறுவனம். அதே நிறுவனம் இன்று சில பாத்திகளில் தலைகீழாக நடந்துகொண்டிருக்கிறது. அங்கே வளரும் கரும்பைக் கடித்தால் பல்லுக்கு உத்தரவாதமில்லை. சாறும் சுமார்தான். ஆனால் தூருக்குத் தூர் நெருக்கியடித்து, மெலிந்த கழிகளாக ஆளை மறைக்கும் உயரத்துக்கு எழுகிறது. வெட்ட வெட்டத் துளிர்க்கிறது. அதன் பெருமையே சக்கைதான். கொதிகலனில் எரித்து மின்சாரம் எடுக்கலாம், நொதிக்க வைத்து எத்தனால் வடிக்கலாம். எரிசக்திக் கரும்பு என்று பெயர் வைத்திருக்கிறார்கள்.

இந்த வேலை கோவையோடு நிற்கவில்லை. புல்லோடு புல்லைக் கலந்து, சாப்பாட்டுக்கு ஆகாத, எரிப்பதற்கென்றே ஆன பயிரை உருவாக்கும் முயற்சி அமெரிக்கா, பிரேசில், பிரிட்டன், தாய்லாந்து என்று பல நாடுகளில் நடக்கிறது. தாவர விஞ்ஞானிகள் தங்கள் பங்கை ஏறக்குறைய முடித்துவிட்டார்கள் என்பதே என் கணிப்பு. புல் விளைகிறது, அமோகமாகவே விளைகிறது. எங்கே விளைப்பது, யார் வாங்குவது என்ற இடத்தில்தான் வண்டி நிற்கிறது.

பேய்க்கரும்பின் ரத்தம்

20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இந்தியா ஜாவாவிலிருந்து சர்க்கரை இறக்குமதி செய்துகொண்டிருந்தது. வடநாட்டு வயல்களில் இருந்த நாட்டுக் கரும்பு மெலிந்தது, விளைச்சல் சொற்பம். தென்னாட்டுத் தடித்த கரும்போ வடக்கின் குளிரையும் வறட்சியையும் தாங்காது. இரண்டையும் கலந்து மேம்படுத்தலாம் என்றால் வடக்கில் கரும்பு ஒழுங்காகப் பூப்பதில்லை. கோவையில் பூக்கும். 11 டிகிரி அட்சரேகையில் பகல் நீளம் அதற்குத் தோதாக இருக்கிறது. 1912-இல் சார்லஸ் ஆல்ஃப்ரெட் பார்பர் தலைமையில் அங்கே இனப்பெருக்க நிலையம் தொடங்கியது. உடன் இருந்தவர், பின்னாளில் சர் பட்டம் பெற்ற டி.எஸ்.வெங்கட்ராமன்.

அவர்கள் செய்த காரியம் துணிச்சலானது. 'வெள்ளை' என்ற தடித்த இனிப்புக் கரும்பைத் தாயாகவும், கோவை வட்டாரத்தில் தானாக வளர்ந்துகிடந்த காட்டுப் புல்லைத் தந்தையாகவும் வைத்துக் கலந்தார்கள். அந்தப் புல்லின் தாவரவியல் பெயர் சக்காரம் ஸ்பொன்டேனியம். ஆற்றங்கரையில் வெள்ளைக் கொண்டையோடு நிற்கும் நாணல் கூட்டத்தில் இதையும் பார்த்திருப்பீர்கள். ஊர்ப்பக்கம் பேய்க்கரும்பு என்பார்கள். பட்டினத்தார் கையிலிருந்த பேய்க்கரும்பு திருவொற்றியூரில் தித்தித்தது என்று கதை உண்டு. கோவையில் அதைத் தித்திக்க வைக்க ஆறு வருடம் பிடித்தது. 1918-இல் அந்தக் கலப்பில் பிறந்த கோ 205 பஞ்சாப் வயல்களுக்குப் போனது.

அந்தக் கலப்பில் ஒரு விநோதம் ஒளிந்திருக்கிறது. வழக்கமாகத் தாயும் தந்தையும் ஆளுக்குப் பாதி குரோமோசோம்களைப் பிள்ளைக்குக் கொடுக்க வேண்டும். வெள்ளைக் கரும்பில் 80, கோவைப் பேய்க்கரும்பில் 64. பாதிப்பாதி என்றால் பிள்ளையில் 72 இருந்திருக்க வேண்டும். கோ 205-இல் இருப்பதோ 112. தாய்க் கரும்பு தன்னிடம் இருந்த 80-ஐயும் அப்படியே கொடுத்துவிட்டது, தந்தை மட்டும் பாதியாகிய 32-ஐக் கொடுத்தது. இனிப்புக் கரும்பு தாயாக நிற்கும் கலப்புகளில் இது திரும்பத் திரும்ப நடக்கும். இயற்கையே இனிப்பின் பக்கம் தராசைச் சாய்த்துக் கொடுத்தது என்று சொல்லலாம். ஜாவாவில் டச்சு விஞ்ஞானிகள் இதே தந்திரத்தை ஒரு முறையாகவே வகுத்தார்கள்: காட்டுப் புல்லோடு ஒருமுறை கலப்பது, பிறகு மறுபடி மறுபடி இனிப்புக் கரும்போடு கலந்து காட்டுக் குணத்தைக் கரைப்பது. 1921-இல் அங்கே உருவான பி.ஓ.ஜே. 2878 உலகையே சுற்றி வந்தது.

இன்று ஆலைக்குப் போகும் எந்தக் கரும்பை எடுத்தாலும் அதில் 100 முதல் 130 குரோமோசோம் வரை இருக்கும். பத்தில் ஒரு பங்கு, கொஞ்சம் கூடுதலாகவே கூட, பேய்க்கரும்பிலிருந்து வந்தது. நோய் தாங்குவதும், வெட்டிய பிறகு மறுதாம்பு விடுவதும், வறட்சியில் தாக்குப்பிடிப்பதும் பெரும்பாலும் அந்தச் சிறு பங்கின் தயவு.

எரிசக்திக் கரும்புக்காரர்கள் கேட்பது எளிய கேள்வி. காட்டு ரத்தத்தைக் கரைக்காமல் விட்டால் என்ன ஆகும்?

பஞ்சிலிருந்து ஒரு கரும்பு

கரும்பைக் கரணை வைத்து நடுவதையே பார்த்துப் பழகியவர்களுக்கு, கரும்புக்கு விதை உண்டு என்பதே புதுச் செய்தியாக இருக்கும். கோவையில் வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் கரும்பு பூக்கிறது. உச்சியில் வெள்ளிக் குஞ்சம் போல எழும் பூங்கதிரில் ஆயிரக்கணக்கான நுண்பூக்கள். கலப்பு செய்கிறவர் முதலில் மகரந்தத்தைக் கொஞ்சம் எடுத்து அயோடினில் நனைத்து நுண்ணோக்கியில் பார்ப்பார். கருநீலமாகச் சாயம் ஏறினால் வளமான மகரந்தம். அந்தச் செடி தந்தையாகலாம். சாயம் ஏறாத செடி தாயாகும். இத்தனை நுண்பூக்களில் ஒவ்வொன்றாகக் கேசரம் நீக்க மனிதக் கைக்குச் சாத்தியமில்லை என்பதால் இந்தக் குறுக்கு வழி. பிறகு தாய்க்கதிருக்குத் துணிக்கூண்டு மாட்டி, காலை நேரத்தில் தந்தைக் கதிரை அதன் மேல் தட்டுவார்கள்.

பேய்க்கரும்பு சீக்கிரம் பூத்துவிடும், இனிப்புக் கரும்பு தாமதம். இரண்டையும் ஒரே வாரத்தில் பூக்க வைப்பதற்கு விளக்கொளி, நடவு நாள் என்று பல வித்தைகள் செய்ய வேண்டியிருக்கிறது. எல்லாம் சரியாக அமைந்தால் சில வாரங்களில் கதிர் பஞ்சாக உதிரும். அந்தப் பஞ்சுக்குள் கண்ணுக்குச் சிரமமாகத் தெரியும் அளவில் விதை. தட்டில் தூவினால் தலைமயிர் போல நாற்று வரும். ஒன்றுபோல் ஒன்று இராது. ஒரு கதிரின் பிள்ளைகளில் ஒன்று மூங்கில் போல நிமிரும், பக்கத்திலிருப்பது அருகு போலப் படரும். ஆயிரக்கணக்கில் நட்டு, கழித்துக் கழித்து, தேறியதைக் கரணை மூலம் பெருக்கி, பல ஊர்களில் பரிசோதித்து ஒரு ரகம் வெளியே வரப் பத்துப் பன்னிரண்டு வருடம் ஆகும். அரசாங்கம் ஐந்து வருடத்துக்கு ஒருமுறை எரிபொருள் கொள்கையை மாற்றும்போது, பாத்தியில் நிற்பவர் இன்னும் பாதி வழியில் இருப்பார்.

இந்த இடத்தில் ஈ.கே.ஜானகி அம்மாளை நினைக்காமல் தாண்ட முடியாது. தலச்சேரியில் பிறந்து, சென்னையில் படித்து, பெண்கள் கிறிஸ்தவக் கல்லூரியில் பாடம் சொல்லிக்கொடுத்து, மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம் பெற்றுத் திரும்பியவர். 1930-களின் நடுவில் கோவை நிலையத்தில் சேர்ந்தார். கரும்பை மக்காச்சோளத்தோடும் இன்னும் தூரத்துப் புல் உறவுகளோடும் கலந்து, குரோமோசோம்களை எண்ணி எழுதினார். சில வருடங்களில் லண்டன் ஜான் இன்னஸ் நிறுவனத்துக்குப் போய்விட்டார். அங்கே சி.டி.டார்லிங்டனோடு சேர்ந்து அவர் தயாரித்த பயிர்க் குரோமோசோம் அட்டவணை 1945-இல் வெளிவந்து உலகப் புகழ் பெற்றது. சாதி, பெண் என்ற இரட்டைச் சுமையோடு அவர் அந்தக் காலத்து ஆய்வுக்கூடங்களில் நின்ற கதை தனி அட்டைப்படக் கட்டுரைக்கு உரியது.

வெங்கட்ராமனும் கரும்பைச் சோளத்தோடு கலந்தார், மூங்கிலோடு கலந்ததாகவும் அறிவித்தார். அந்தக் காலக் கலப்புகளில் எத்தனை இன்றைய டி.என்.ஏ. சோதனையில் தேறும் என்பதில் ஆய்வாளர்களுக்கு ஐயம் உண்டு. பெயருக்குக் கலப்பினம், உள்ளே தாயின் நகல் என்று தெரியவந்த செடிகள் பல. ஆனாலும் தூரத்துச் சொந்தத்தைக் கரும்புக்குள் கொண்டுவரும் ஆசை அன்று தொடங்கியதுதான். எரியாந்தஸ் என்ற உயரமான, ஆழ வேரோடும் புல்லைக் கரும்போடு சேர்க்கக் கோவையில் இன்றும் பாடுபடுகிறார்கள். தண்ணீர் தேங்கினாலும் காய்ந்தாலும் அது அசைவதில்லை. அதன் பிள்ளைகளோ மலடாகிப் போகின்றன, அல்லது கலப்பே நடக்காமல் ஏமாற்றுகின்றன.

நாரின் கணக்கு

ஒரு டன் கரும்பில் இருக்கும் ஆற்றலை மூன்றாகப் பங்கு போடுவது பிரேசில் நாட்டவர் வழக்கம். ஒரு பங்கு சாற்றில், ஒரு பங்கு சக்கையில், மீதி தோகையிலும் கொழுந்தாடையிலும். நாம் விலை கொடுப்பது முதல் பங்குக்கு மட்டும்தான். சக்கையை ஆலை எரித்துக்கொள்கிறது, மின்சாரமாக்கி விற்கிறது, சில இடங்களில் காகிதமாக்குகிறது. கரூர் மாவட்டம் புகளூரில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித ஆலை சக்கையை நம்பியே பிறந்த ஆலை. தோகை பெரும்பாலும் வயலிலேயே கொளுத்தப்படுகிறது.

சாதாரணக் கரும்பில் நார் 12 முதல் 15 சதவீதம். எரிசக்திக் கரும்பில் 20-ஐத் தாண்டுகிறது, சில ரகங்களில் 25-ஐயும். கோவை நிறுவனம் இரண்டு வகையாகப் பிரிக்கிறது. முதல் வகையில் நாரும் இருக்கும், ஓரளவு சர்க்கரையும் இருக்கும். இரண்டாம் வகை நாருக்கே நேர்ந்துவிடப்பட்டது. அமெரிக்காவில் லூசியானா மாநிலம் இதில் முந்திக்கொண்டது. அங்கே குளிர்காலத்தில் உறைபனி விழும். காட்டு ரத்தம் கூடிய கரும்பு அதிலும் பிழைத்து, அடுத்த வசந்தத்தில் துளிர்த்தது. எல் 79-1002 என்ற ரகத்தை எரிசக்திக் கரும்பு என்றே அறிவித்து 2007-இல் வெளியிட்டார்கள்.

நார் கூடினால் எல்லோருக்கும் மகிழ்ச்சி என்று நினைத்துவிட வேண்டாம். புல்லின் செல் சுவர் ஒரு கான்கிரீட் தூண். உள்ளே கம்பியாக ஓடுவது செல்லுலோஸ், அது குளுக்கோஸ் சங்கிலி. அதை இறுக்கிப் பிடித்திருக்கும் கலவை லிக்னின். எத்தனால் ஆலைக்குக் கம்பி வேண்டும், கலவை தொல்லை. லிக்னின் கூடினால் நொதிகள் உள்ளே நுழையாது. கொதிகலனுக்கோ லிக்னின் லட்டு. அது எரியும்போதுதான் வெப்பம் அதிகம். சாண எரிவாயு போலப் புல்லிலிருந்து வாயு எடுக்கும் ஆலைக்கு முற்றிய தண்டே ஆகாது, இளசாக அறுத்த புல் வேண்டும். கொதிகலனுக்கு இன்னொரு பத்தியமும் இருக்கிறது. பச்சைப் புல்லில் பொட்டாசியமும் குளோரினும் கூடுதல். எரித்தால் சாம்பல் உருகி, கட்டியாகக் குழாய்களில் ஒட்டிக்கொள்ளும். ஆக, ஒரே புல்லை மூன்று பேருக்கும் விற்க முடியாது. லிக்னினை மிகக் குறைத்தாலும் ஆபத்து, அடுத்த காற்றுக்குப் பயிர் தரையில் சாய்ந்துவிடும். யாருக்காகக் கலப்பது என்று தெரியாமல் கலக்க ஆரம்பிப்பதுதான் இந்தத் துறையின் பழைய வியாதி.

மாட்டுக்கு வந்த புல்

தமிழ்நாட்டில் எரிபொருள் புல் என்றதும் விவசாயிகள் நினைவுக்கு வருவது கரும்பல்ல, கம்பு நேப்பியர் ஒட்டுப்புல். கறவை மாடு வைத்திருப்பவர் யாருக்கும் இதை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. ஆப்பிரிக்க யானைப்புல்லுக்கும் நம் கம்புக்கும் பிறந்த பிள்ளை. யானைப்புல்லின் முரட்டு வளர்ச்சி, கம்பின் மென்மை. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் கோ ரகங்கள் பாசன வசதி இருந்தால் ஹெக்டேருக்கு ஆண்டுக்கு 350 டன்னுக்கு மேல் பசும்புல் தருகின்றன. நட்ட 75-80 நாளில் முதல் அறுப்பு, பிறகு 45 நாளுக்கு ஒருமுறை. தாய்லாந்தின் பக்சோங் ரகம் 'சூப்பர் நேப்பியர்' என்ற பெயரில் இங்கே கரணை கரணையாக விற்கப்படுகிறது.

கம்பில் 14 குரோமோசோம், யானைப்புல்லில் 28. பாதிப்பாதி சேர்ந்தால் 21. ஒற்றைப்படை எண் என்பதால் ஜோடி சேர முடியாது, விதை பிடிக்காது. ஒருவகையில் இது வரம். விதை பரவிக் களையாகும் பயம் இல்லை. இன்னொரு வகையில் தண்டம். ஒவ்வொரு ஏக்கருக்கும் ஆயிரக்கணக்கில் கரணை வெட்டி, சுமந்து, கையால் ஊன்ற வேண்டும்.

2018-இல் மத்திய அரசு 'சதத்' என்ற திட்டத்தை அறிவித்தது. 5,000 அழுத்த எரிவாயு ஆலைகள், அவற்றுக்குத் தீவனம் சாணமும் வைக்கோலும் நேப்பியரும். இலக்கு வைத்த காலம் முடிந்தும் எண்ணிக்கை அதன் பக்கத்தில்கூடப் போகவில்லை. ஆனால் 'புல் போடுங்கள், நாங்கள் எடுத்துக்கொள்கிறோம்' என்ற விளம்பரங்கள் மட்டும் தவறாமல் வந்தன.

350 டன் என்ற எண்ணைக் கேட்டு மயங்குமுன் ஒரு கணக்கு. பசும்புல்லில் ஐந்தில் நான்கு பங்கு தண்ணீர். காய்ந்த எடை 70 டன்தான். அதுவும் பெரிய விளைச்சல்தான், மறுப்பதற்கில்லை. ஆனால் அது கிணற்று நீரும் யூரியாவும் கொடுத்த விளைச்சல். வருடத்துக்கு ஏழு முறை பச்சையாக அறுக்கும்போது ஒவ்வொரு வண்டியிலும் நிலத்தின் தழைச்சத்தும் சாம்பல்சத்தும் ஏறிப் போகின்றன. வாயு எடுத்த பிறகு மிஞ்சும் கழிவைத் திருப்பி வயலில் கொட்டாவிட்டால் சில வருடத்தில் மண் ஒட்ட உறிஞ்சப்பட்டுவிடும். ஒப்பந்தத்தில் அந்தக் கழிவுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று கையெழுத்துப் போடுமுன் பார்ப்பது நல்லது.

யோகோஹாமாவிலிருந்து ஒரே ஒரு செடி

இந்தச் சத்துச் சிக்கலுக்கு அழகான விடை குளிர்நாட்டுப் புல் ஒன்றில் இருக்கிறது. 1935-இல் ஆக்செல் ஓல்சன் என்ற டென்மார்க் நாற்றங்கால்காரர் ஜப்பானின் யோகோஹாமாவிலிருந்து ஓர் அலங்காரப் புல்லைக் கொண்டு போனார். மிஸ்காந்தஸ் குடும்பத்தின் இரண்டு இனங்கள் தாமாகக் கலந்து பிறந்தது, இதுவும் மலடு. தோட்டத்து ஓரத்தில் அழகுக்கு நின்ற அந்தப் புல்லை, எண்ணெய் நெருக்கடிக்குப் பிறகு ஐரோப்பா எரிபொருளாகப் பார்க்கத் தொடங்கியது.

இலையுதிர்காலம் வந்ததும் இந்தப் புல் தண்டிலும் இலையிலும் இருக்கும் தழைச்சத்தைக் கிழங்குக்குள் இறக்கிக்கொள்ளும். பனிக்காலம் முடியும்போது நின்றபடியே காய்ந்த கழியை அறுத்தால் போதும். உலர்த்தும் செலவு மிச்சம், கொதிகலனைக் கெடுக்கும் பொட்டாசியமும் மழையில் கழுவப்பட்டிருக்கும், அடுத்த வருடத்துக்கான உரம் மண்ணுக்கடியில் பத்திரம். இல்லினாய் பல்கலைக்கழகத்தின் ஸ்டீவ் லாங் குழுவினர் உரமும் பாசனமும் பெரிதாக இல்லாமல் ஹெக்டேருக்குச் சராசரி 30 டன் காய்ந்த எடை எடுத்துக் காட்டினார்கள். பக்கத்து வயலில் அமெரிக்காவின் சொந்தப் புல்லான சுவிட்ச் கிராஸ் தந்தது ஏறக்குறைய 10 டன். கரும்பு, சோளம், மிஸ்காந்தஸ் எல்லாமே சி-4 என்ற ஒளிச்சேர்க்கை வகையைச் சேர்ந்தவை, வெயிலை அள்ளிக் குடிப்பவை. அந்த வகையை 1960-களில் முதலில் அடையாளம் கண்டதே கரும்பு இலையில்தான். பெரும்பாலான சி-4 பயிர்கள் குளிரில் முடங்கிவிடும், மிஸ்காந்தஸ் முடங்காது.

எனக்கு இதில் ஒரு பயம் உண்டு. ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் நடப்பட்ட இந்தப் புல் பெரும்பாலும் ஒரே செடியின் நகல். ஒரு நோய் வந்தால் எல்லாம் ஒன்றாகப் போகும். இது கற்பனை பயமில்லை. கோவை நிறுவனத்தின் படைப்பான கோ 0238 உத்தரப் பிரதேசத்தின் கரும்பு நிலத்தில் 80 சதவீதத்துக்கு மேல் பிடித்தது, ஆலைகள் கொண்டாடின. பிறகு செவ்வழுகல் நோய் புகுந்தது. தண்டைப் பிளந்தால் சிவப்பு, மூக்கைத் துளைக்கும் புளித்த வாடை. சில வருடங்களில் ராஜா ரகம் வயலை விட்டு வெளியேறத் தொடங்கியது. தமிழ்நாடும் கோ 86032 என்ற ஒற்றைத் தூணில் நெடுங்காலமாகச் சாய்ந்துகொண்டிருக்கிறது. அதனால்தான் வேல்ஸின் அபெரிஸ்ட்வித் பல்கலைக்கழகத்தில் விதை மூலமே பெருகும் புதிய மிஸ்காந்தஸ் கலப்பினங்களை உருவாக்குகிறார்கள். நடவுச் செலவு குறையும், ரகங்களும் பல கிடைக்கும். விதை பிடித்தால் களையாகப் பரவுமே என்ற பழைய கேள்வி அங்கே திரும்ப எழுகிறது. பேய்க்கரும்பு பனாமா கால்வாய்க் கரையில் புகுந்து காடு திரும்ப வளராமல் தடுத்துக்கொண்டிருக்கிறது. அமெரிக்க அரசின் ஆபத்தான களைகள் பட்டியலிலும் அது இருக்கிறது.

பேச்சு பெரிது, ஆலை சிறிது

2006 ஜனவரியில் அமெரிக்க அதிபர் ஜார்ஜ் புஷ் நாடாளுமன்ற உரையில் சுவிட்ச் கிராஸ் என்ற பெயரை உச்சரித்தார். அதுவரை தாவரவியல்காரர்களும் மேய்ச்சல்காரர்களும் மட்டும் அறிந்திருந்த புல் ஒரே இரவில் பிரபலமானது. அடுத்த வருடம் வந்த சட்டம், 2022-க்குள் ஆண்டுக்கு 1,600 கோடி காலன் செல்லுலோஸ் எரிபொருள் என்று இலக்கு வைத்தது. நடந்தது வேறு. அயோவாவில் டுபாண்ட் நிறுவனம் 2015-இல் பிரமாண்டமாகத் திறந்த ஆலை 2017-இல் கைவிடப்பட்டது. பின்னர் ஜெர்மன் நிறுவனம் ஒன்று வாங்கி, நாரிலிருந்து எத்தனாலுக்குப் பதில் எரிவாயு எடுக்கத் தொடங்கியது. கான்சாஸில் இன்னொரு ஆலை திவாலானது. பிரேசிலில் எரிசக்திக் கரும்பையும் சேர்த்துத் திட்டமிட்டு 2014-இல் தொடங்கிய ஆலை, நாரைப் பதப்படுத்தும் முதல் கட்டத்திலேயே திணறியது. மண்ணும் கல்லும் கலந்து வரும் தோகை இயந்திரத்தை அரித்தது, லிக்னின் குழாயை அடைத்தது. ஆய்வுக்கூடக் குடுவையில் சுத்தமான நாரை வைத்துப் போட்ட கணக்கு, வயலிலிருந்து லாரியில் வந்த நாருக்குப் பொருந்தவில்லை.

இந்தியாவிலும் ஆலைகள் உண்டு. 2022 ஆகஸ்டில் பானிப்பட்டில் இந்தியன் ஆயில் திறந்த ஆலை ஆண்டுக்கு 2 லட்சம் டன் வைக்கோலை 3 கோடி லிட்டர் எத்தனாலாக்கும் திட்டம். அசாமின் நுமாலிகரில் மூங்கிலிலிருந்து எத்தனால். இரண்டும் ஏற்கெனவே விளைந்துகிடப்பதை எடுத்துக்கொள்பவை, புதுப் பயிரை நம்பியவை அல்ல. பெட்ரோலில் 20 சதவீத எத்தனால் என்ற இலக்கை நாடு எட்டியதும் சாறு, பாகு, அரிசி, மக்காச்சோளம் என்று சாப்பிடும் பொருட்களை வைத்துத்தான். 2023 டிசம்பரில் சர்க்கரை விலை பயத்தில் கரும்புச் சாற்றிலிருந்து எத்தனால் எடுக்க மத்திய அரசு கடிவாளம் போட்டபோது ஆலைகள் பதறின. நாரிலிருந்து எத்தனால் என்ற தொழில்நுட்பம் நிஜமாகவே காலூன்றியிருந்தால் அந்தப் பதற்றம் தேவைப்பட்டிருக்காது.

தரிசு யாருடையது?

உணவு நிலத்தில் புல் போடக் கூடாது என்றதும் எல்லோரும் கைகாட்டுவது தரிசு. இந்தப் படத்தை நாம் ஏற்கெனவே பார்த்துவிட்டோம். 2003-இல் திட்டக் குழு காட்டாமணக்கைக் கையிலெடுத்தது. ஒரு கோடி ஹெக்டேருக்கு மேல் நட்டு டீசலில் 20 சதவீதம் கலப்பது என்பது கனவு. தமிழ்நாட்டிலும் நாற்று கொடுத்தார்கள், கடன் கொடுத்தார்கள். தண்ணீர் இல்லாமல் காட்டாமணக்கு உயிரோடு இருக்கும். காய்க்கும் என்று அர்த்தமில்லை. பிடுங்கிப்போட்டுவிட்டு வேறு வேலை பார்த்தார்கள்.

வருவாய்த்துறை ஏட்டில் தரிசு என்று எழுதப்பட்ட நிலத்தில் உண்மையில் ஆள் இருக்கிறது. ராமநாதபுரம் கீதாரி தன் ஆட்டுக் கிடையை அங்கேதான் ஓட்டுகிறார். அங்கே சீமைக் கருவேலம் நிற்கிறது. அதை வெட்டிக் கரி மூட்டம் போட்டுப் பிழைக்கும் குடும்பங்கள் ராமநாதபுரம், சிவகங்கை, விருதுநகர் மாவட்டங்களில் ஏராளம். அந்த வட்டாரத்துச் சிறு அனல்மின் நிலையங்கள் சில இதே கருவேல விறகை எரித்துத்தான் ஓடுகின்றன. எந்த விஞ்ஞானியும் கலக்காமல், எந்த அமைச்சரும் அறிவிக்காமல் ஓர் எரிபொருள் பயிர் தென்மாவட்டங்களில் நாற்பது ஐம்பது வருடமாக நடந்துகொண்டிருக்கிறது. கருவேலத்தை ஒழிக்க நீதிமன்றம் வரை போன நம் கோபத்துக்கு நியாயம் உண்டு. அந்த இடத்தில் நேப்பியர் நட வருகிறவர்கள், அதற்குத் தண்ணீர் எங்கிருந்து வரும் என்று முதலில் சொல்லட்டும்.

எரிசக்திக் கரும்புக்கு எனக்குத் தெரிந்து நம்பகமான இடம் ஒன்று உண்டு: ஏற்கெனவே இருக்கும் சர்க்கரை ஆலை. அரவைப் பருவம் சில மாதங்கள்தான். மற்ற நாட்களில் கொதிகலன் சும்மா கிடக்கிறது, அல்லது இணை மின் உற்பத்திக்கு ஆலை வெளியிலிருந்து நிலக்கரி வாங்குகிறது. ஆலையைச் சுற்றி, கரும்புக்கு லாயக்கில்லாத உவர், வடிகால் இல்லாத ஓரங்களில் நார்க் கரும்பைப் போட்டால் அந்த மாதங்களை நிரப்பலாம். வெட்டும் கூலியாட்கள், டிராக்டர், எடைமேடை எல்லாம் அங்கே தயார். புல் என்பது இடத்தை அடைக்கும் சரக்கு. தூரம் கூடக் கூட லாரி வாடகையே லாபத்தைத் தின்றுவிடும். ஆலை வாசலிலேயே விளைந்தால் அந்தத் தொல்லை இல்லை.

ஆனால் விலை? 2025-26 பருவத்துக்கு மத்திய அரசு நிர்ணயித்த ஆதார விலை, 10.25 சதவீதக் கட்டுமானத்துக்குக் குவிண்டாலுக்கு 355 ரூபாய். கட்டுமானம் குறையக் குறைய விலையும் குறையும். 9.5 சதவீதமோ அதற்குக் கீழோ என்றால் 329 ரூபாய் 5 காசு, அதற்குக் கீழே இறங்காது. சர்க்கரைக் கரும்பு போடும் விவசாயிக்கு இந்தத் தரைவிலை பாதுகாப்பு. கட்டுமானம் பாதியாக இருக்கும் எரிசக்திக் கரும்பை அதே விலைக்கு எந்த ஆலை வாங்கும்? விலக்கு கொடுத்து ஆலை இஷ்டத்துக்கு விடலாம் என்றால், தமிழ்நாட்டுக் கரும்பு விவசாயிகளிடம் 'நிலுவைத் தொகை' என்று சொல்லிப் பாருங்கள், மீதியை அவர்களே சொல்வார்கள்.

கட்டுமானத்தை அளக்க ஆலைகளில் ஆய்வுக்கூடம் இருக்கிறது, முறை இருக்கிறது. நாரையும் காய்ந்த எடையையும் அதே ஆய்வுக்கூடத்தில் அளக்க முடியும். அளந்து, டன்னுக்கு இத்தனை ரூபாய் என்று சட்டப்படி கொடுக்கும் ஏற்பாடு மட்டும் இல்லை. கோவைப் பாத்திகளில் தேர்வாகி நிற்கும் நார் ரகங்களின் கரணை விவசாயி வயலுக்குப் போகாமல் இருப்பதற்கு இப்போதைக்கு அதுதான் முதல் காரணம்.